பையைக் கவிழ்த்த டாக்டர்

நல்ல மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரைப் புகழ்கிறவர்கள் ஊரில் ஏராளம். மருந்தை நிறுத்திய டாக்டரைப் புகழ்கிற ஒருவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? இல்லையென்றால், இதோ இந்தக் கட்டுரையை எழுதுகிறவனைப் பார்த்துக் கொள்ளுங்கள்!

என் தகப்பனாருக்குப் பிராயம் 82. கும்பகோணத்தில் எங்களுடன் இருக்கிறார். வாத்தியார் உத்தியோகம் பார்த்தவர். ஆகையால் வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் இன்னும் மாணாக்கர்களே. சென்ற வருஷம் அவருக்கு ஓர் உபத்திரவம் வந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றும். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார். இரண்டு தடவை கூடத்திலேயே விழுந்துவிட்டார்.

"வயசாகிவிட்டதல்லவா!" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். இதைப் போல் சௌகரியமான காரணம் வேறு கிடையாது. சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் யோசிக்க வேண்டியதில்லை!

எங்கள் குடும்ப டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சீட்டு மட்டும் போதாது" என்றார். கொண்டு போனோம். மேஜைமேல் பையைக் கவிழ்த்தார். பதினொரு தினுசு! நவராத்திரிக் கொலு மாதிரி வரிசையாக அடுக்கினார்.

பிறகு அப்பாவைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்; மேல் எண் 146. நிற்க வைத்து மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்த்தார், 112. எழுந்து நின்றதும் அந்த எண் 20-க்குக் குறையாமல் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்பது வைத்திய விதி. மூளைக்குப் போகிற ரத்தம் அந்தச் சமயம் குறைகிறது, ஆள் தள்ளாடுகிறார்.

பாதி மர்மம் விளங்கிற்று. மீதி மேஜைமேல் இருந்தது. இரண்டு அட்டைகளை எடுத்துக் காட்டினார். பெயர் வேறு, கம்பெனி வேறு. ஆனால் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த மருந்து ஒன்றே: அம்லோடிபின். ஒன்று பழையது, மற்றது வெளியூர் ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்தது. அந்த மருந்து அதிகமானால் சிலருக்குக் கால் வீங்கும். அப்பாவுக்கு வீங்கிற்று. வீக்கத்தைப் பார்த்த வேறொருவர் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். நீர் பிரிந்தது, ராத்திரி நாலு தடவை! தலை சுற்றலும் கூடிற்று. அதற்கு இன்னொரு மாத்திரை! கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கி, கடைசியில் சம்சாரியான சாமியாரின் கதைதான் போங்கள்!

இவ்வளவு கண்டுபிடித்த பிறகும் டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவைத்தான் கேட்டார்: "ஸார், உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது?"

"சாரங்கபாணி கோயிலுக்குத் தனியாக நடந்து போக முடியவில்லை. பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு போக வெட்கமாக இருக்கிறது" என்றார் அப்பா. எங்களிடம் அவர் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை அது. டாக்டர் அதையும் நோட்டில் குறித்துக் கொண்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றாக, வாராவாரம் ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து, ஆறு வாரத்தில் பதினொன்றை ஏழாக்கினார். கால் வீக்கம் வடிந்தது. அப்பா இப்போது தனியாகக் கோயிலுக்குப் போகிறார். திரும்பி வர நேரமானால் நாங்கள்தான் வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறோம்!

திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நாலு அங்கம் சொன்னார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர். நோயாளியை முதலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். முதியோர் வைத்தியம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி. எஸ். நடராஜன் அதற்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் தலை சுற்றுகிற பெரியவர் நினைத்தபோதெல்லாம் கிண்டிக்குப் போக முடியுமா? தெருக்கோடி டாக்டர்தான் அவருக்குக் கதி.

உங்கள் வீட்டுப் பெரியவரின் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக மட்டும் எதையும் நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. உங்கள் டாக்டரும் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறவராயிருந்தால், ஃபீஸோடு இரண்டு நல்ல வார்த்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அதை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தாலும் யாருக்கும் கால் வீங்காது!