ராத்திரிக்கு முன்னால தண்ணியை இறக்கிடுங்க



போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கிட்டு இருக்கும்போது ஒரு தங்கச்சி கேட்டாங்க: "அண்ணே, ஜூன் லீவுக்கு நியூசிலாந்து போறோம், மோட்டார்ஹோம் புக் பண்ணியாச்சு. நீங்க போய்ட்டு வந்தீங்களே, எப்படி?" நான் சொல்ல ஆரம்பிச்சேன். சாம்பார் இறக்கியும் கதை முடியலை. இன்னும் ரெண்டு குடும்பம் அதே நேரத்துல போறதா அப்பதான் தெரிஞ்சது. அதான் எழுதியே போட்டுடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நம்ம கோயில் தண்ணித் தொட்டி, பம்ப்பு, மடப்பள்ளிக் குழாய் எல்லாம் பல வருஷமா என் கையில இருக்கிறது உங்களுக்குத் தெரியும். அந்தத் திமிர்தான் எனக்கு வினையா வந்தது.

என் மகன் கிரைஸ்ட்சர்ச்ல வேலை செய்றான். சேமிப்பைப் போட்டு ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கி, வார இறுதியெல்லாம் அவனே பழுது பார்த்து வெச்சிருந்தான். ஜூலை மாசம் நானும் அம்மாவும் போயிருந்தோம். அங்கே அது நடுக் குளிர்காலம். மூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டி டெக்காப்போ ஏரிக்குப் போனோம். மறுநாள் புக்காக்கி ஏரிக்கரையில நின்னு, தூரத்துல 3,724 மீட்டர் உயரத்துல குக் மலை வெள்ளையா நிக்கிறதைப் பார்த்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "கயிலாயம்டா"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி ட்வைசல் பக்கத்துல தங்கினோம்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மகன் வந்து, "அப்பா, ராத்திரி மைனஸ் ஏழுன்னு போட்டிருக்கான். டேங்க்கை ட்ரெயின் பண்ணிடறேன்"னான்.

"வேணாம்பா. காலையில பாட்டி குளிச்சிட்டுத்தானே விளக்கேத்துவாங்க? ஹீட்டர்தான் ஓடுதே, உள்ள நாம வியர்த்துக்கிட்டு இருக்கோம். தண்ணி எப்படி உறையும்?"

அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். மறுத்துப் பேசலை.

வேனுக்குள்ள நமக்குச் சூடா இருந்தா குழாய்க்கும் சூடா இருக்கும்னு நினைச்சேன். ஆனா அந்த வண்டியில பம்ப்பும் ஃபில்டரும் வெளிப்பக்கம் திறக்கிற பெட்டிக்குள்ள இருக்கு. அழுக்குத் தண்ணி டேங்க் அடியில தொங்குது. அங்கெல்லாம் ஹீட்டர் காத்து போகாது. பெரிய டேங்க் அவ்வளவு சீக்கிரம் உறையாது, நிறைய தண்ணி இருக்கே. முதல்ல மாட்டிக்கிறது மெல்லிய குழாய், முழங்கை வளைவு, பம்ப்பு, ஃபில்டர் கிண்ணம். தண்ணி உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். ஃப்ரீசர்ல மறந்து வெச்ச கண்ணாடிப் போத்தல் வெடிக்குமே, அதே கதைதான்.

விடியக்காலை அஞ்சரைக்கு அம்மா குழாயைத் திறந்தாங்க. பம்ப்பு கர்ர்ர்னு உறுமுது, ஒரு சொட்டு இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "காத்து அடைச்சிருக்கும்"னு நம்ம கோயில் பம்ப்புக்குச் செய்ற மாதிரி சுவிட்ச்சை விட்டு விட்டுப் போட்டேன். மகன் எழுந்து வந்து, எதுவும் சொல்லாம கையை நீட்டி சுவிட்ச்சை அணைச்சான்.

அப்புறம் கட்டிலுக்கு அடியில இருந்து பத்து லிட்டர் கேன் ஒண்ணை இழுத்தான். ராத்திரி நான் தூங்கின பிறகு பாட்டிக்காக நிரப்பி உள்ளேயே வெச்சிருக்கான். கெட்டில்ல காய்ச்சி, வாளியில விளாவி, ஒரு சொம்பும் வெச்சுக் கொடுத்தான். அம்மா குளிச்சு, திருநீறு பூசி, சின்ன மின்விளக்கை ஏத்திட்டு (வேனுக்குள்ள எண்ணெய் விளக்கு வேணாம்னு முதல் நாளே பேசி வெச்சிருந்தோம்) என்கிட்ட மெதுவா கேட்டாங்க: "எனக்காகத் தண்ணி வேணும்னு அவன்கிட்ட சொன்னியாமே? நான் எப்படா கேட்டேன்?"

பதில் சொல்ல முடியலை. அம்மா பேரைச் சொன்னேனே தவிர, மகன் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறதுதான் எனக்குப் பிடிக்கலை.

பத்து மணிக்கு மேல வெயில் வந்ததும்தான் சேதம் தெரிஞ்சது. உறைஞ்சு கிடக்கிறப்போ விரிசல் ஒழுகாது, உருகினாத்தான் ஒழுகும். ஃபில்டர் கிண்ணத்துல முடி மாதிரி ஒரு கீறல், முழங்கை ஒண்ணு நீளவாட்டுல பிளந்திருந்தது, பம்ப்புத் தலையும் போச்சு. சாமானும் கூலியும் சேர்த்து 400 நியூசிலாந்து வெள்ளிக்கு மேல. நான் கொடுக்கப் போனேன், வாங்கலை. பேச்சும் அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம்தான்.

மறுநாள்ல இருந்து மூணு மணிக்கே நானாகக் கேட்டு, அவன் சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். போறவங்க இதைக் கவனமா படிங்க.

முதல்ல வெந்நீர் பாய்லரை அணைச்சு ஆற விடணும். சூடா இருக்கும்போது அடைப்பைத் திறந்தா கை வெந்துடும். ஆறினதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டுட்டு, அடியில இருக்கிற வால்வைத் திறங்க. அப்புறம் நல்ல தண்ணி டேங்க். அதுக்கப்புறம் எல்லாக் குழாயும் திறந்தபடி இருக்கணும், சூடும் குளிரும் ஒண்ணா வர்ற குழாய்னா கைப்பிடியை நடுவுல வைங்க. பம்ப்பை சில வினாடி மட்டும் ஓட்டி மிச்சத்தைத் தள்ளிட்டு அணைச்சிடுங்க. ஷவர் தலையைக் கீழே போடுங்க. ஃபில்டர் கிண்ணத்தைக் கழட்டிக் கொட்டுங்க. டாய்லெட் ஃப்ளஷ் தண்ணியையும் மறக்காதீங்க, நான் முதல் நாள் மறந்தேன்.

அழுக்குத் தண்ணியை அதுக்குன்னு இருக்கிற டம்ப் ஸ்டேஷன்லதான் விடணும். நல்ல தண்ணியானாலும் ஆள் நடக்கிற இடத்துல விடாதீங்க, காலையில அது கண்ணாடியா உறைஞ்சு யாராவது வழுக்கி விழுவாங்க. பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில வளைவுல தண்ணி நிக்கும். அதுக்கு கார் ரேடியேட்டர் ஆண்டிஃப்ரீஸ் ஊத்தவே ஊத்தாதீங்க, அது பெரும்பாலும் நஞ்சு. மோட்டார்ஹோம் குழாய்க்குன்னே நஞ்சில்லாதது தனியா விக்குது.

குடிக்க, குளிக்க, சமைக்க வேண்டிய தண்ணியைக் கேன்ல பிடிச்சுப் படுக்கிற இடத்துல வெச்சுக்குங்க. முக்கால்வாசி நிரப்பினாப் போதும். உள்ளே அலமாரிக்குப் பின்னால குழாய் ஓடுதுன்னா, ராத்திரி அந்தக் கதவைத் திறந்தே விடுங்க. அப்படியும் உறைஞ்சுட்டா நெருப்பு காட்டாதீங்க, பம்ப்பையும் போடாதீங்க. குழாயைத் திறந்து வெச்சு, முடி காய வைக்கிற ட்ரையர்ல மெதுவா சூடு காட்டுங்க.

வாடகை வண்டின்னா, எடுக்கிற இடத்துலயே ரெண்டு கேளுங்க: ட்ரெயின் வால்வு எங்கே எங்கே இருக்கு, குழாய் உறைஞ்சு உடைஞ்சா இன்சூரன்ஸ் தருமா. சாவி வாங்கின சந்தோஷத்துல யாரும் கேக்கறதில்லை.

அந்தப் பிளந்த முழங்கையை மகன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். இப்ப நம்ம கோயில் பம்ப்பு அறையில, சாவி மாட்டுற ஆணிக்குப் பக்கத்துல தொங்குது. போறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வாங்க, காட்டறேன். வால்வு எப்படி இருக்கும்னு மகன் அனுப்பின படமும் என் போன்ல இருக்கு.