முட்டுக்கட்டை

படகைப் பற்றி எழுத உள்நாட்டுப் பங்குக்குரு ஒருவருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மண்ணாடிப்பட்டு கொம்யூனில் கடற்கரை கிடையாது. நெல்லும் கரும்பும் விளையும் பூமி இது. இவ்வழியே வரும் சங்கராபரணி ஆறு வில்லியனூரைக் கடந்து கடலுக்குப் போகிறது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அதன் மணலில் ஆடுகள் படுத்திருக்கும். ஆயினும் ஒரு படகுக்கும் அதன் உடைமையாளருக்கும் நான் இழைத்த தீங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் பதிவான மழை ஏறத்தாழ 48 செ.மீ. விடிந்தது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆலயத்தில் மின்சாரம் இல்லை. திருப்பலிக்கு வந்தோர் பதினைந்து பேர்கூட இல்லை. வீடூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்துகொள்ள, சங்கராபரணி கரை மீறியது. தெற்கே பாகூர்ப் பக்கம் சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகியது.

திங்களன்று காலை, ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் மூன்று குடும்பத்தார் வயல்நடுவே மோட்டார் கொட்டகையின் கூரைமேல் ஏறி நிற்பதாகச் செய்தி வந்தது. அவர்களுள் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. மீட்புப் படகுகள் அந்நேரம் வேறு ஊர்களில் இருந்தன. முன்பு கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றியபோது பழக்கமான முதியவர் ஒருவர் என் நினைவுக்கு வந்தார். பதினெட்டு அடி நீளமுள்ள சிறிய ஃபைபர் படகு அவருடையது. பின்புறம் ஓர் அவுட்போர்டு எஞ்சின். எஞ்சின் கைவிட்டால் கரை சேர ஒரு மூங்கில் பாய்மரமும் பழைய பாயும் வைத்திருந்தார். கரும்பு ஏற்றும் மினி லாரி ஒன்றை அமர்த்திக்கொண்டு அவரிடம் போனேன். கேட்டதும், ஒரு சொல் மறுக்காமல் எழுந்து வந்தார்.

பாய்மரத்தை இறக்கிப் பாயோடு சுருட்டிக் கட்டினார். படகை ஏற்றினோம். லாரியின் தளம் சிறியது. படகின் பின்புறம் ஐந்தடிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் எஞ்சின், விசிறி மேலே தூக்கிய நிலையில் தொங்கியது.

“சாமி, எஞ்சினைக் கழற்றி உள்ளே நிறுத்திக்கலாம். ஆணி ரெண்டு துருவேறிக் கிடக்குது. அரைமணி நேரம் பிடிக்கும்” என்றார் முதியவர்.

“பெரியவரே, அங்கே குழந்தை நனைஞ்சுக்கிட்டிருக்கு. அப்படியே போகலாம்” என்றேன்.

“அப்படின்னா ஒரு முட்டாவது கொடுக்கணும்” என்று சொல்லி, கட்டை ஏதும் கிடைக்குமா என்று சுற்றிலும் தேடத் தொடங்கினார். நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு படகுக்குள் ஏறி, எஞ்சினைத் தம் கைகளால் பிடித்தபடி அமர்ந்துகொண்டார்.

வில்லியனூர் தாண்டிப் பத்துக்கண்ணுவை நெருங்கும்வரை ஒன்றும் நேரவில்லை. அதன்பின் சாலை அரிபட்டிருந்தது. நீருக்கடியில் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. மரம் பிளக்கும் ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தபோது, எஞ்சினைத் தூக்கிய நிலையில் நிறுத்தியிருந்த சிறு கொக்கி முறிந்து, படகின் பின்பலகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரிசல் கண்டிருந்தது. முதியவரின் உள்ளங்கை கிழிந்திருந்தது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரும் தண்டனையாயிற்று.

பின்பலகை உடைந்த படகில் எஞ்சினை ஓட்ட இயலாது. எஞ்சினைக் கழற்றிச் சாலையோரம் வைத்தோம். (கழற்றுவதற்கு அரைமணி நேரம்தான் ஆயிற்று.) விரிசலில் பாயைத் திணித்துக் கட்டினார் முதியவர். ஊர் இளைஞர்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மூங்கில் ஊன்றியும் துடுப்புப் போட்டும் அவர் நான்கு நடை போய் வந்தார். எஞ்சின் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை, இரவு ஒன்பது மணிக்கு முடிந்தது. இறைவன் அருளால் உயிரிழப்பு இல்லை. ஆனால் அந்தக் குழந்தை, எவ்வளவு நேரம் நனையக்கூடாது என்று நான் அவசரப்பட்டேனோ, அதைவிட ஆறு மணி நேரம் கூடுதலாக நனைந்தது.

வெள்ளம் வடிந்த பின், படகைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு முதியவரோடு நானும் போனேன். செலவில் என் பங்கைக் கொடுக்கப் போனவன், பாடம் கேட்டுத் திரும்பினேன். அந்தப் பின்பலகை முழுவதும் ஃபைபர் அன்று. உள்ளே ஒட்டுப்பலகை, அதன்மேல் கண்ணாடி இழையும் பிசினும். ஆணித் துளைகளின் வழியே நீர் கசிந்தால், வெளியே பளபளப்பு மாறாமலே உள்ளே மரம் உளுத்துப்போகும். எஞ்சினின் எடை ஏறத்தாழ 40 கிலோதான். கடலில் அந்த எடை ஒரு பொருட்டே அன்று. படகு முழுவதையும் நீர் அடியிலிருந்து தாங்குகிறது. சாலையில் அப்படியில்லை. எஞ்சின் ஒரு நெம்புகோலாகிவிடுகிறது; ஒவ்வொரு குலுக்கலிலும் அதன் எடை பல மடங்காகிப் பலகையைப் பிடுங்குகிறது. முறிந்துபோன அந்தக் கொக்கியோ, ஆழமில்லாத நீரில் விசிறி தரைதட்டாமல் நிறுத்தி வைப்பதற்கானது, பயணத்துக்கானது அன்று.

சிறிய எஞ்சினானால் கழற்றி, அதன் கால்பகுதியிலுள்ள நீர் முழுவதும் வடியும்வரை நிறுத்திவைத்து, நிமிர்ந்த நிலையிலேயே கட்டிக் கொண்டுபோவது நல்லது. படுக்க வைத்தே தீரவேண்டுமானால் தலைப்பகுதி தாழாதபடி, செய்தவர்கள் குறித்த பக்கமாகத்தான் கிடத்த வேண்டும்; இல்லையேல் எண்ணெயோ நீரோ உருளைக்குள் இறங்கிவிடும். கழற்ற இயலாதபோது, தரையில் இடிக்காது என்றால் எஞ்சினை நிமிர்த்தியே விடலாம். இடிக்கும் என்றால் தூக்கி, கவட்டை போன்ற ஒரு முட்டை அதன் காலுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே கொடுத்து இறுகக் கட்ட வேண்டும். வெளிநாடுகளில் சிறு பாய்மரப் படகுகளை மோட்டார் வாகனத்தின் பின்னே இழுத்துச் செல்வோர் இதற்கென்றே இரும்புத் தண்டு வாங்கி வைத்திருக்கிறார்களாம். முதியவர் அன்று தேடியது அதைத்தான். “எஞ்சின் கனமில்லை சாமி, அது தொங்குறதுதான் கனம்” என்றார் அவர்.

நான் ஏன் அவர் சொல்லுக்குச் செவிகொடுக்கவில்லை என்று பலநாள் எண்ணிப் பார்த்தேன். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்ததை நாம் அறிவோம். அம்மாநில அரசின் கணக்குப்படி 669 படகுகளில் சென்ற ஏறத்தாழ 4,500 மீனவர்கள் 65,000 பேரை மீட்டனர். அந்தப் படங்கள் என் மனத்தில் பதிந்திருந்தன. நான் அவற்றில் கண்டது லாரிமேல் படகு. அதைக் கட்டியிருந்த கயிறுகளை நான் கவனிக்கவில்லை. மதில்களிலும் வாயிற்கற்களிலும் மோதிச் சேதமடைந்த படகுகள் பல என்பதையும் செய்தியாகப் படித்து மறந்திருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒப்புக்கொள்வது கடினம். குருமடத்தில் ஒழுக்கவியல் வகுப்பில், பெரும் தேவை வரும்போது மனிதர் இயற்றிய சட்டங்கள் விலகி வழிவிடும் என்று கற்றேன். அது உண்மையே. ஆனால் எடையும் நெம்புகோலும் மனிதர் இயற்றிய சட்டங்கள் அல்ல. நம் நோக்கம் எவ்வளவு தூய்மையானதாயினும் அவை விலகுவதில்லை. இதை அறிந்த ஒருவர் என் அருகிலேயே இருந்தார். அவர் அரைமணி நேரம் கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த ‘சாமி’ என்ற சொல்லே அவரை மேலும் பேசவிடாமல் செய்தது. வேறொரு மீனவர் அப்படி அவசரப்படுத்தியிருந்தால் அவர் மறுத்திருப்பார். நம் சொல்லுக்கு மறுசொல் வராத இடத்தில்தான் நாம் மிகவும் அஞ்ச வேண்டும் என்பதை ஐம்பது வயதுக்குமேல் கற்றேன்.

பழுதுபார்த்த படகு இரண்டு மாதங்களுக்குப்பின் கடலுக்குப் போயிற்று. அதுவரை முதியவர் பிறர் படகில் கூலிக்குப் போனார். நான் மன்னிப்புக் கேட்டபோது, “குழந்தை நல்லா இருக்குதா சாமி?” என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

பங்கு இல்லத்துக் கொட்டகையில் இப்போது ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வேப்ப மரக் கவட்டை. நுனியில் பழைய டியூப் சுற்றியது. கூடவே இரண்டு சுருள் கயிறு. அளவெடுத்துச் செய்து தந்தவர் அந்த முதியவரே. எதற்கு இது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்ததும் அதை எடுத்து, கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் அதே இடத்தில் வைக்கிறேன்.