சுவரைத் தட்டிக் கேட்டவர்

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், 11 வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைப் போன தை மாதம் வாங்கினோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று கொல்லை வரை நீளும் வீடு. மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பார்க்க வந்த பொறியாளர் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார்: இடித்துவிட்டு காங்கிரீட்டில் கட்டுங்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை பார்த்த ஒரு மேஸ்திரியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவர் ஊருக்கே போய் அழைத்து வந்தேன். எழுபதை நெருங்கும் வயது.

வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. நடுவிரலை மடக்கி, கூடத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். மேலே கெட்டியாகக் கேட்ட ஓசை இடுப்புயரத்துக்குக் கீழே 'பொத்' என்று மாறியது. அங்கே கரணை நுனியை விட்டு நெம்பினார். பலகை மாதிரி ஒரு சிமெண்ட் பூச்சு அப்படியே பெயர்ந்து விழுந்து உடைந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தேய்த்தேன். மிளகாய்ப் பொடி போல உதிர்ந்தது. மேலே படிந்திருந்த வெள்ளையை நாக்கில் வைத்தேன். உப்பு.

"பழைய பூச்சு நல்லாத்தான் இருந்திருக்கு தம்பி. ஓதம் ஏறுதுன்னு யாரோ சிமெண்ட்ட அப்பிட்டாங்க. ஏறுன ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு கல்லத் தின்னுடுச்சு" என்றார்.

மண்ணிலிருந்து சுவரில் ஈரம் ஏறுவது பழைய வீடுகளில் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துகொள்ளும். சிமெண்ட் அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு ஏறிய உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதைப் பொரிய வைக்கிறது. இந்தியாவில் ஒரு சிமெண்ட் ஆலை நிலைத்து ஓடத் தொடங்கியதே 1914-இல், போர்பந்தரில். எங்கள் தாய்ப் பத்திரம் அதற்கும் மூத்தது. சிமெண்ட்டைப் பார்க்காமல் பிறந்த வீட்டை, பிற்பாடு வந்த சிமெண்ட் நோயாளியாக்கியிருக்கிறது. சுண்ணாம்பு பலமில்லாதது என்று யாராவது சொன்னால் மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிடும். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் சாந்து, சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் கலந்ததுதான். "தண்ணிய மறிச்சுக்கிட்டு நிக்குதே!" என்பார்.

சுண்ணாம்பு விருதுநகர்ப் பக்கமிருந்து லாரியில் வந்தது. கொல்லையில் குழி வெட்டித் தண்ணீர் விட்டு, சுட்ட கட்டிகளை உள்ளே போட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சீறிக்கொண்டு குழி முழுக்கக் கொதித்தது. எட்டிப் பார்க்கப் போன என்னை ஒரு சித்தாள் அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "தள்ளி நில்லுங்க சார், கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும்."

அந்தச் சுண்ணாம்பு மூன்று வாரம் ஊறியது. தனியே தொட்டியில் தட்டிப் போட்ட கடுக்காயும் வெல்லமும் ஊறின. நாலாம் நாள் கள்ளுக்கடை வாசனை தெருமுனை வரை வந்தது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். முன்பு மாடு பூட்டிய செக்கில் அரைத்தார்கள், இப்போது இயந்திரம். அரைத்ததைக் கரணையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார் மேஸ்திரி. விழாமல் ஒட்டி நின்ற பிறகுதான் சுவருக்குப் போனது.

இதில் அவசரம் ஆகாது. காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுண்ணாம்புக் கல்லிலிருந்து கரியமிலவாயு பிரிந்துபோகிறது. நீற்றிப் பூசிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மறுபடியும் கல்லாகிறது. அதற்கு வேண்டிய நாளைக் கொடுத்தே ஆகவேண்டும்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது மாடியைத்தான். மெட்ராஸ் டெரஸ் என்கிறார்களே, அந்த வகைத் தளம்: தேக்கு உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பியது. ஒழுகிய பகுதியைப் பெயர்த்துப் புதிதாகப் பரப்பினார்கள். பிறகு எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்டினார்கள். ஆறு நாள். முதல் நாள் கட்டை 'சதக்' என்று பதிந்தது. ஐந்தாம் நாள் ஓசை மாறியது. "கட்டை துள்ளணும் சார், அப்பதான் தளம் இறுகிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் கொல்லையில் என்னை இழுத்துவிட்ட அக்கா. சொல்லிக்கொண்டே தட்டியவர் ஓர் இடத்தில் நிறுத்தி, மறுபடி தட்டினார். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அவர் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் மேலும் அரைமணி நேரம் தட்டினார். சுண்ணாம்பு அரித்த விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய் பளபளத்தது.

இவர்களுக்கு ஊர் வழக்கப்படி சித்தாள் கூலிதான். கல்லும் மண்ணும் தூக்கும் வேலைக்குக் கொடுப்பதே இதற்கும். ஓசையை வைத்துத் தளத்தின் பதம் சொல்லும் கைக்குக் கொத்தனார் கூலி கொடுப்பதுதான் நியாயம். மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "கேக்குறவங்க இல்ல தம்பி, அதான் இத்தன நாள் இப்படியே போச்சு" என்றார். அந்த வாரத்திலிருந்து அப்படியே கொடுத்தோம்.

இன்னும் கூடத்துச் சுவரும் பின்கட்டும் பாக்கி. பழைய வீடு வாங்கியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இடிக்க ஆள் கூப்பிடும் முன் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள், தட்டத் தெரிந்தவரைக் கூட்டிவந்து தட்டச் சொல்லுங்கள். எங்கள் மேஸ்திரியிடம் இந்த வேலையைக் கற்றுக்கொள்வது ஒரே ஒரு பையன். வயது 22. எங்கள் வீடு முடிந்ததும் அவனுக்கு அடுத்த வீடு வேண்டும்.