வலிக்கும் இடம்

உடல் வலியைக் கூறத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தலை விண்விண்ணென்று தெறிக்கும், பல் குத்தும், காது குடையும், கால் கடுக்கும், புண் எரியும். நோயாளி கூறும் சொல்லைக் கொண்டே மருத்துவர் நோயை ஓரளவு ஊகித்துவிடுகிறார். கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் மெல்சாக், வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 குழுக்களாக வகுத்து, 1975ஆம் ஆண்டு வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார். குத்தல், எரிச்சல் ஆகியவற்றோடு அச்சத்தையும் சோர்வையும் குறிக்கும் சொற்களும் அதில் இடம்பெற்றன. வலி தசையோடும் நரம்போடும் நின்றுவிடுவதில்லை அன்றோ!

உள்ளத்து வலிக்கோ, "மனசு சரியில்லை" என்பதோடு நம் மக்களின் பேச்சு முடிந்துவிடுகிறது. பலர் அதையும் கூறுவதில்லை. உள்ளத்தின் நோவை உடலின்மேல் ஏற்றியே உரைக்கின்றனர்.

நோயாளிகளைச் சந்திக்கச் செல்லுகையில் நாம் பன்முறை கண்ட உண்மை இது. முதிய தாய் ஒருவர் அரைமணி நேரம் தம் முழங்கால் வலியைப் பற்றியே பேசினார். வெளிநாடு சென்ற மகன் தொலைபேசியில்கூட அவரை அழைப்பதில்லை என்பது ஊரறிந்த செய்தி. "மகனைப் பற்றி ஏதேனும் தெரிந்ததா, அம்மா?" என்று மெல்ல வினவினோம். சற்று நேரம் வாளாவிருந்தவர், "சாமி, அவன் பேரைச் சொல்லி என்கிட்ட யாரும் கேட்டே ரெண்டு வருஷமாச்சு" என்றார். இரக்கத்தால்தான் அயலார் வாய் திறவாதிருந்தனர். ஆயினும் அந்த மௌனமே அவருக்கு வலித்தது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. மணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் மகப்பேறு வாய்க்காத பெண்ணிடம், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று பந்தியில் வைத்தே கேட்பவர் எத்தனை பேர்! அவர்களும் அன்பினால்தான் கேட்கின்றனர். அப்பெண் புன்னகைத்துவிட்டு இலையை நோக்கிக் குனிந்துகொள்கிறாள்.

அப்படியானால் பேசுவதா, பேசாதிருப்பதா? வயிற்று வலியோடு வருபவரைச் சோதிக்கும் மருத்துவரைக் கவனியுங்கள். "எங்கே வலிக்கிறது?" என்று முதலில் கேட்கிறார். வலியில்லாத இடத்தில் தொடங்கி, வலிக்கும் இடத்தை இறுதியில் தொடுகிறார். கை அழுத்தும்போது கண்கள் நோயாளியின் முகத்தையே நோக்குகின்றன. முகம் சுருங்கினால் கை நின்றுவிடுகிறது. உள்ளத்தைத் தொடுவோருக்கும் இம்முறையே தகும். தனிமையில் கேட்க வேண்டும். முகம் பார்த்துக் கேட்க வேண்டும். விடை வராவிடில் வற்புறுத்தலாகாது. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களைத் தாமாகவே தோமாவுக்குக் காட்டினார். காயத்தைக் காட்டுவதும் மறைப்பதும் காயம்பட்டவரின் உரிமை.

அன்பர்களே, முழங்கால் வலிக்கிறது என்று உங்கள் இல்லத்து முதியவர் கூறினால், தைலம் எடுத்துத் தேய்த்துவிடுங்கள். தேய்த்து முடித்ததும் எழுந்து சென்றுவிடாமல், இன்னும் சற்று நேரம் அருகில் அமர்ந்திருங்கள்.