ஆலை நின்ற நிலம்

வன்னியில் நிலக்கரி இல்லை. சுரங்கம் மூடப்பட்ட பின்னர் எஞ்சும் கரிமேடுகளும் துருவேறிய தூக்குக் கோபுரங்களும் அந்நிலம் அறியாதவை. ஆயினும், தொழிலொன்று வந்து வேரூன்றி, ஊருக்குப் பிழைப்பும் பெயரும் தந்து, பின்னர் நின்றுபோன இடத்தை மீண்டும் எவ்வாறு வாழவைப்பது என்ற வினா மேலைநாட்டுச் சுரங்க நகரங்களுக்கு மாத்திரம் உரியதாகாது. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் பரந்தன் சந்திக்கு அண்மையில் கூரையிழந்து நிற்கும் பழைய இரசாயனத் தொழிற்சாலையின் சுவர்களைக் கண்டோர் இதனை நன்கு அறிவர்.

சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், 1948 முதல் 1953 வரை, கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் கடுதாசி ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை என்னும் மூன்றும் அவர் பெயரோடு சேர்த்தே இன்றும் நினைவுகூரப்படுகின்றன. இவற்றுள் பரந்தனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சில கல் தொலைவில் வடக்கே ஆனையிறவு உப்பளம். தெற்கே இரணைமடுக் குளம். இடையே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் வீதியும் புகையிரதப் பாதையும். உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் ஐதரசனும் பிறக்கும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த விஞ்ஞானம். அப்பாடத்தைப் பெருமளவிற் செய்து காட்டிய இடமே பரந்தன். சவர்க்காரம் செய்யவும், துணியை வெளுக்கவும், வைக்கோலைக் கூழாக்கிக் கடுதாசி செய்யவும் எரிசோடா வேண்டும். நகரங்களின் குடிநீரைத் தூய்மையாக்கக் குளோரின் வேண்டும். கடலேரி நீர் வெயிலிற் காய்ந்து உப்பாகி, அவ்வுப்பு சில கல் தொலைவு பயணஞ்செய்து இத்தனை பொருளுக்கும் மூலமாயிற்று. அயலிலுள்ளதைக் கொண்டு அயலிலேயே தொழில் செய்தல் என்ற கொள்கைக்கு இலங்கையில் இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை எனலாம்.

1980களின் நடுப்பகுதியில், போர் முற்றிய நிலையில், உற்பத்தி நின்றது. 1990இல் வடபகுதிப் புகையிரத சேவையும் நின்றது, உப்பளமும் அழிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பரந்தன் ஊர் என்ற நிலை மாறிப் படைகளின் முன்னரங்கமாயிற்று. 2009 சனவரி முதலாம் நாள் பரந்தன் அரச படைகளிடம் வீழ்ந்தபோது, ஆலை இயங்கியதைக் கண்டறியாத ஒரு தலைமுறை அவ்வூரில் வளர்ந்துவிட்டிருந்தது. இதனிடையே விந்தையான செய்தி ஒன்றும் உண்டு. ஆலை மூடப்பட்டபின், அதன் பெயர் தாங்கிய அரச கம்பனி குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து நாட்டுக்கு விநியோகிக்கும் நிறுவனமாக மாறியது. பரந்தன் என்னும் பெயர் பரந்தனை விட்டுக் கொழும்பிற் குடியேறிவிட்டது என்று இதனைச் சொன்னாற் பிழையாகாது. ஊரில் எஞ்சியவை, எடுத்துச் செல்லத்தக்கன யாவும் போனபின் நின்ற சீமெந்துத் தூண்களும் சன்னம் துளைத்த சுவர்களுமே.

இன்று அந்நிலத்தின்மீது மீண்டும் கண் விழுந்துள்ளது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய மூன்றிடங்களிலும் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என அரசாங்கம் 2025இல் அறிவித்தது. ஆனையிறவில் மேசை உப்பு உற்பத்தியும் அதே ஆண்டிற் தொடங்கியது. இவற்றை வரவேற்காதோர் இருப்பின் அவர்கள் வன்னியின் இளைஞரை அறியாதோராதல் வேண்டும். காலபோக நெல்லை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் வாழ இயலாது. ஆடைத் தொழிற்சாலைகள் பெண்கள் பலருக்கு வேலை தந்தன என்பது மெய். ஆயின் தொழில்நுட்பம் கற்று வெளிவரும் இளைஞனுக்குக் கொழும்பும் கடல் கடந்த நாடுமே இன்றும் வழியாக உள்ளன. ஆகவே தொழில் வேண்டுமா என்பதில் விவாதம் இல்லை. எந்த ஒழுங்கிற் செய்வது என்பதே கேள்வி. வழக்கமான ஒழுங்கு யாவரும் கண்டதே: முதலிற் புல்டோசர் வரும், பின்னர் மதில், பின்னர் கட்டடம், திறப்பு விழாவுக்கு முதல் வாரத்தில் வாயிலின் இருமருங்கும் வரிசையாக நெட்டிலிங்கம். பரந்தனில் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குதல் வேண்டும். முதலில் மண்; அடுத்து மரம்; அதன் பின்னரே கட்டடம்.

மண்ணை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் எரிசோடா ஆலைகள் பலவற்றில் இரசத்தை மின்வாயாகக் கொண்ட கலங்களே இயங்கின. அவ்வாலைகள் நின்ற இடங்களில் இரசம் மண்ணுள் இறங்கித் தங்கியமை பல நாடுகளிற் கண்டறியப்பட்டது. இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது. எரிசோடா உற்பத்தியில் இரசத்தைக் கைவிட அது குறித்த இறுதி ஆண்டு 2025. பரந்தன் வலய அறிவிப்பும் அதே ஆண்டில் வந்தமை தற்செயலே, எனினும் சிந்திக்கத்தக்கது. தமிழ்நாட்டின் கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை 2001இல் மூடப்பட்டது. இரசத்தால் நேர்ந்த பாதிப்புக்குத் தொழிலாளர் உடன்பாடு ஒன்றைப் பெற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. மண்ணைத் தூய்மையாக்கும் பணியோ அதன் பின்னரும் நீண்டது. கதவு மூடியதும் ஆலையின் கதை முடிந்துவிடுவதில்லை. பரந்தன் மண் நஞ்சுற்றது என முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வது இதன் நோக்கமன்று. பழைய இரசாயன ஆலை எதுவாயினும், அதன் மண்ணையும் கிணற்று நீரையும் சோதியாது அதன்மீது அத்திவாரம் வெட்டலாகாது என்பதே பொருள். இதற்கு வெளிநாட்டு நிபுணரைத் தேட வேண்டியதுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே உள்ளன. மண்ணும் நீரும் பயிலும் மாணவருக்கு, பேருந்திற் சென்று வரும் தூரத்தில் இவ்வளவு பெரிய பாடநூல் வேறெங்கே கிடைக்கும்?

மண்ணில் மற்றொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் கனிச் சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் ஒரே சொல் வழங்குகிறது. வன்னி அறிந்தது இரண்டாவதை. பளையை அடுத்த முகமாலையில் ஆண்டுக்கணக்காக நடந்த அகற்றும் பணியைக் கண்டோருக்கு, ஒரு சதுர அடி மண்ணை மனிதர் எத்துணைப் பொறுமையோடு சுரண்டிப் பார்க்க இயலும் என்பது விளங்கும். முழங்காலிட்டு, முகக்கவசம் அணிந்து, அங்குலம் அங்குலமாக நிலத்தை மீட்ட அவர்களுட் பலர் பெண்கள். போரிற் கணவனை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்குவோரும் அவர்களிடையே உளர். மண்ணைத் தூய்மையாக்கும் தொழிலைக் கைதேர்ந்து கற்ற ஒரு கூட்டம் அம்மாவட்டத்திலேயே இருக்கின்றது. வெடி அகற்றும் பணி முடியுந்தோறும் அவர்கள் வேலை இழப்பர். பரந்தன் போன்ற இடங்களின் மண்ணைச் சீராக்கும் பணிக்கு அவர்களை ஏன் பயிற்றக் கூடாது?

அடுத்தது மரம். இங்கே வன்னி மக்களின் மனத்தை அறிந்து பேசுதல் வேண்டும். நகரத்தில் வாழ்வோருக்குக் காடு என்றால் நிழல். போருக்குப் பின் ஊர் திரும்பிய வன்னி விவசாயிக்குக் காடு என்பது பல இடங்களில் எல்லைக்கல்லாகவே தோன்றியது. இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் உழாத வயலில் பற்றை வளர்ந்தது; பற்றை மரமாயிற்று; திரும்பி வந்தபோது அந்நிலம் வனத்துக்கு உரியதெனக் கல் நாட்டப்பட்டிருந்தது. 1958ஆம், 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியோரில் உறுதிப் பத்திரம் இன்றி வாழும் குடும்பங்கள் பல. இத்தகையோரிடம் சென்று மரம் நடுவோம் என்றால், யாருடைய காணியில் என்றே அவர்கள் முதலிற் கேட்பர். கேள்வி முற்றிலும் நியாயமானது. பரந்தன் ஆலை நிலத்தின் சிறப்பும் இங்கேதான் உள்ளது. அது அரசுக்குரியது, எவருடைய வயலையும் பறியாமல் அங்கே காடு வளர்க்கலாம், எவருடைய காட்டையும் அழியாமல் தொழிற்கூடம் கட்டலாம். உழவனும் காடும் ஆலையும் ஒன்றோடொன்று மோதாத நிலம் வன்னியில் அதிகம் இல்லை.

சுரங்கங்கள் மூடிய நாடுகளில் இது செய்து பார்க்கப்பட்டுள்ளது. ஜேர்மனியின் றூர்ப் பிரதேசத்தில் எசென் நகரின் சொல்வெரைன் சுரங்கம் 1986 டிசம்பரில் மூடப்பட்டது. பரந்தனும் வாழைச்சேனையும் போல அதுவும் ஒரு காலத்தில் தன் நாட்டின் பெருமிதம். அதனை இடித்துத் தரைமட்டமாக்கி நிலத்தை விற்கலாம் என்ற எண்ணம் கைவிடப்பட்டது. கட்டடங்கள் காக்கப்பட்டன, 2001இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது, நிலக்கரி கழுவிய கூடம் பின்னர் அரும்பொருட் காட்சிச்சாலையாயிற்று, கலை பயில்வோரும் சிறு நிறுவனங்களும் அங்கே இடம்பெற்றனர். அதனினும் வியப்பானது ஒன்று. மனிதர் திட்டம் தீட்டிக்கொண்டிருக்கையிலேயே பேர்ச் மரங்கள் தாமாக முளைத்துக் கரிமேட்டை மூடிவிட்டன. அவற்றைக் களையென வெட்டாது, காடாகவே ஏற்றுப் பேணும் வழியை 1990களில் அந்நாட்டு வனத்துறை கண்டது. இங்கிலாந்தின் மத்திய பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களும் களிமண் குழிகளும் வடுப்படுத்திய நிலத்தை உள்ளடக்கி, 200 சதுர மைல் பரப்பிற் தேசிய வனம் ஒன்று அதே காலத்திற் தொடங்கப்பட்டது. அங்கே மரம் மூடிய நிலம் 6 வீதத்திலிருந்து 20 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. வேலைவாய்ப்பும் உடன் வந்தது. களிமண் குழி என்றதும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையை நினையாதோர் முல்லைத்தீவில் இரார்.

இவற்றை அப்படியே எடுத்து வந்து பரந்தனில் ஒட்ட இயலாது. றூரில் மழை ஆண்டு முழுவதும் பெய்யும். வன்னியிலோ ஐப்பசி முதல் தை வரை. எஞ்சிய மாதங்களில் நிலம் வெடிக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகம் வயற் புழுதியை அள்ளிவந்து கொட்டும். கடலேரி அண்மையில் உள்ளமையால் மண்ணில் உவரும் உண்டு. எனவே வேலிப்புறத்தில், சோளகம் வரும் தென்மேற்குத் திசையில், பனையும் வேம்பும் புங்கும் அடர்த்தியாக நிற்றல் வேண்டும். போர்க்காலத்திற் காவலரண்களுக்கென வெட்டப்பட்ட பனைகளுக்கு ஈடு செய்யவும் இது ஒரு வாய்ப்பு. உவர் குறைந்த உட்பகுதியில் பாலை, முதிரை, வீரை, நாவல், விளா என வன்னிக் காட்டின் சொந்த மரங்கள் வரலாம். மண் தூய்மையற்றதெனக் காணும் துண்டங்களில் உண்ணத்தக்க கனி தரும் மரத்தை நாட்டுதல் கூடாது. ஏற்கெனவே இடிபாடுகளிடையே தாமாக முளைத்து நிற்பவற்றை எண்ணிக் குறித்த பின்னரே இயந்திரத்தை உள்ளே விடவேண்டும். நீர் ஊற்றுவாரின்றி இத்தனை கோடைகளைத் தாண்டிய மரத்துக்கு அம்மண்ணைப் பற்றி எந்தத் திட்ட அலுவலரைக் காட்டிலும் அதிகம் தெரியும்.

இவ்வாறு தாமதித்தால் முதலீட்டாளர் வேறிடம் போவாரே எனச் சிலர் கூறுவர். பொருட்படுத்தத்தக்க மறுப்பே. ஆனால் நாற்பது ஆண்டு காத்திருந்த ஊர் ஒரு மாரி அதிகம் காத்திருப்பதால் எதனையும் இழந்துவிடாது. சோதியாத மண்ணில் கட்டிய தொழிற்கூடத்தைப் பத்தாண்டின் பின் மூட நேர்ந்தால் இழப்பது மிகுதி. அன்றியும் வலயம் என்றவுடன் பெருமுதலாளி ஒருவரின் மதில் சூழ்ந்த ஆலையையே கற்பனை செய்வது என்ன வழக்கமோ தெரியவில்லை. உழவு இயந்திரம் திருத்துவோர், தச்சர், பால் பதனிடும் சங்கத்தினர், பனம்பொருள் செய்வோர், கணினி கற்ற இளைஞர் நால்வர் சேர்ந்து தொடங்கும் சிறு நிறுவனம் ஆகியோருக்கு மிதமான வாடகையில் மின்னும் நீரும் கொண்ட கூடங்கள் முதலிற் கிடைத்தல் வேண்டும். கிளிநொச்சியில் இவர்கள் இன்று வீட்டு முற்றத்திலும் வீதியோரக் கொட்டிலிலும் தொழில் செய்கின்றனர்.

பழைய சுவர்களில் ஒன்றையேனும் இடியாது விடுதல் நன்று. அதற்கு நினைவுச்சின்னம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. அதன் நிழலில் தேநீர்க் கடை ஒன்று இருந்தாற் போதும்.

நாற்றுமேடைக்குக் காலம் கணித்தே தொடங்க வேண்டும். வன்னியிற் பாலை பழுப்பது வைகாசி, ஆனி மாதங்களில். பழம் பொறுக்கக் காட்டுக்குச் செல்லும் சிறுவர் உண்டு எறியும் வித்துகளைச் சேர்த்தாலே ஒரு நாற்றுமேடைக்குப் போதும். பாலை மிக மெதுவாக வளரும் மரம். அதற்கு முன்னரே வேம்பும் புங்கும் நிழல் தரத் தொடங்கிவிடும். ஆனியிற் சேர்த்த வித்தின் கன்று அவ்வாண்டு ஐப்பசி மழைக்குச் சிறிது. அடுத்த ஆண்டு மழைக்கு ஆயத்தமாகும். மண்ணைச் சோதித்து முடிக்கவும் ஏறத்தாழ அவ்வளவு காலமே வேண்டும்.