கை மறைத்த குறை

கெலுகோரில் வாழ்பவர்களுக்குப் பினாங்குப் பாலம் வீட்டு வாசற்படியைப் போன்றது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலத்தின் தீவுப்பக்க முனை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதன் 13.5 கிலோமீட்டர் நீளத்தில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே செல்கிறது. பல ஆண்டுகளாக அதில் சென்று வருகிறேன். எனினும், என் காரைப் பற்றி நான் அறிந்திருக்க வேண்டிய ஓர் உண்மையை என் மகள் சொல்லித்தான் அறிய நேர்ந்தது.

ஒருநாள் மாலை, தன் கார் பழுதுபட்டிருந்தமையால், என் காரை எடுத்துக்கொண்டு அவள் பிறைக்குச் சென்றாள். திரும்பும்போது பெருமழை. வீட்டுக்குள் நுழைந்தவளின் முகம் வெளிறியிருந்தது. பாலத்தின் நடுவே கார் தானாகவே இடப்பக்கம் ஒதுங்கியதாம்; அப்பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்ததாம். "அப்பா, இத்தனை நாளாக இந்தக் காரை எப்படித்தான் ஓட்டினீர்கள்?" என்று கேட்டாள்.

ஸ்டியரிங்கை எப்போதும் சற்று வலப்பக்கமாகப் பிடித்தபடிதான் ஓட்டினேன். சில மாதங்களுக்கு முன்பு, மழைநீர் மூடியிருந்த குழியொன்றில் வலப்பக்க முன்சக்கரம் விழுந்து எழுந்தது. அன்றுமுதல் கார் இடப்பக்கம் இழுத்தது. நானோ அதற்குக் காரணங்கள் கற்பித்துக்கொண்டேன். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் செல்கின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரம் நோக்கிச் சற்றே சரித்து அமைக்கிறார்கள். ஆகவே இந்த இழுப்பு இயல்புதான் என்றேன். பாலத்தின்மீது செல்லும்போது கடற்காற்றைக் குறை சொன்னேன். நாளடைவில் கை பழகிவிட்டது. கை பழகியதும் மனம் அதனை மறந்துவிட்டது.

மறுநாள் காரை டயர் கடைக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த தமிழ் இளைஞர் அதனை மேடைமீது உயர்த்திவிட்டு, "ஐயா, உள்பக்கம் கையை வைத்துப் பாருங்கள்" என்றார். வெளியிலிருந்து நோக்கினால் நல்ல டயர்தான். உள்விளிம்பிலோ ரப்பர் முற்றும் தேய்ந்து, கம்பி இழைகள் விரலில் குத்தின. என் உடல் சிலிர்த்தது. அந்த டயரை நம்பித்தான் என் மகள் மழையில் கடலைக் கடந்து வந்திருக்கிறாள்.

சக்கரங்களை நேர்படுத்துவதைப் பட்டறையில் 'அலைன்மெண்ட்' என்பர். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது 'கேம்பர்'. மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பது 'டோ'. என் காரில் இரண்டுமே பிழை. வளைந்திருந்த ஓர் உறுப்பை மாற்றியபின், சக்கரங்களில் கருவிகளைப் பொருத்தி, கணினித் திரையில் அளவு பார்த்து, அந்த இளைஞர் அவற்றை நேர்ப்படுத்தினார். ஓட்டும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் 'பாலன்சிங்' குறை என்றும், அது வேறு வேலை என்றும் விளக்கினார்.

காத்திருந்த நேரத்தில் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரின் விட்டம் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். செல்லும் திசையிலிருந்து அதன் முன்விளிம்பு 3 மில்லிமீட்டர் விலகி நிற்பதாகக் கொள்வோம். 600க்கு 3 என்றால் 1,000க்கு 5. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் 5 மீட்டர் பக்கவாட்டில் உராய்கிறது. பாலத்தை ஒருமுறை கடந்தால் 67.5 மீட்டர், 10,000 கிலோமீட்டர் ஓடினால் 50 கிலோமீட்டர். அரிசி மணியின் அளவுகூட இல்லாத விலகல் செய்யும் வேலை இது. டயர் மட்டுமன்று, பெட்ரோலும் இதனால் வீணாகிறது.

என் தாயார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைக்கூட விடாமல் சுரண்டிக் கூடையில் சேர்ப்பார். அப்படிச் சேர்த்த கைகளுக்குப் பிறந்த நான், ஒரு டயரைக் கவனமின்மையால் பாதி ஆயுளில் எறிந்தேன். அதற்காக வெட்கப்பட்டேன்.

பேருந்து, லாரி, வாடகைக்கார் ஆகியவற்றுக்குச் சட்டப்படி காலமுறைப் பரிசோதனை உண்டு. சக்கரம் பக்கவாட்டில் நழுவுகிறதா என்பதையும் அதில் அளக்கிறார்கள். சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே நாமேதான் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ அளவு பார்ப்பது நலம். புதிய டயர் போட்டாலும், குழியில் விழுந்தாலும், சாலையோரக் கல்லில் மோதினாலும் உடனே பார்க்க வேண்டும். டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கின்றனவா என்று விளிம்புக்கு விளிம்பு, உள்பக்கமும் சேர்த்து நோக்க வேண்டும். அப்பள்ளங்களே மழைநீரை வெளியேற்றிச் சாலையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. இதற்காகும் செலவு ஒரு டயர் விலையில் சிறு பகுதியே.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வேன். பள்ளியில் நாங்கள் பழகிப்போன குறைகளை, வெளியிலிருந்து வந்து வகுப்பைப் பார்ப்பவரே முதலில் காண்கிறார். காரும் அப்படித்தான். அவ்வப்போது நன்கு ஓட்டத் தெரிந்த வேறொருவரிடம் உங்கள் காரைக் கொடுத்து, சமமான நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கை மறைத்து வைத்திருக்கும் குறையை அவர் கை சொல்லிவிடும்.

அடுத்த வாரம் என் மகள் மீண்டும் அதே காரில் பாலத்தைக் கடந்தாள். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். அன்றும் மழை பெய்தது. கார் நேராகச் சென்றது.