வலையைச் சுருட்டிய ஊர்

நவம்பர் தொடக்கத்தில் நாகாலாந்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். டோயாங் நீர்த்தேக்கத்துக்கு அமூர் வல்லூறுகள் அடைய வருவதைப் பார்க்க வேண்டுமானால் மூன்று மணிக்கே கரைக்குப் போய்விட வேண்டும் என்று, பாங்தி ஊரில் எனக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். திமாப்பூரில் இறங்கி, சுமோவில் இடம் பிடித்து, வோக்கா மாவட்டத்து மலைச்சாலையில் குலுங்கி வந்த உடம்பு ஓய்வு கேட்டது. ஆனாலும் அவர் பின்னால் நடந்தேன்.

முதலில் வந்தவை மின்கம்பியில் உட்கார்ந்தன. புறாவைவிடச் சிறிய பறவை. நூற்றைம்பது கிராம்கூடத் தேறுமா என்பது சந்தேகம். ஆணுக்கு உடம்பெல்லாம் சாம்பல் நீலம், கால்கள் மட்டும் செம்மஞ்சள். பெண்ணுக்கு வெளிர் மார்பில் கரிய கீற்றுகள். கம்பி நிரம்பியதும் மரங்களில் இறங்கின. அதற்குள் மேற்கு வானம் முழுக்கப் பறவை. தீனி தேடப் போன கூட்டங்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலிருந்தும் திரும்பி, நீருக்கு மேலே ஒன்றோடொன்று கலந்து சுழன்றன. ஆண்கள் ஒருசேரத் திரும்பும்போது இறக்கையின் அடிப்புறத்து வெள்ளை பளிச்சிட்டு மறையும். ஈசல் தின்ன வந்த பறவைகள், விளக்கைச் சூழ்ந்த ஈசலைப் போலவே வானத்தை மொய்த்தன. எண்ணிப் பார்க்கும் நினைப்பே எனக்கு வரவில்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தபடி நின்றேன்.

இவை குஞ்சு பொரிப்பது கிழக்குச் சைபீரியாவிலும் வடக்குச் சீனாவிலும். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஓடும் அமூர் ஆற்றின் பெயரே இவற்றுக்கும். குளிர்காலத்தைக் கழிப்பது ஆப்பிரிக்காவின் தென்கோடியில். போக வர ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் அரபிக் கடல் கிடக்கிறது. அங்கே இறங்க இடமில்லை. அதைத் தாண்டும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளத்தான் அக்டோபரிலும் நவம்பரிலும் இந்த மலைகளில் தங்குகின்றன. மழை ஓய்ந்த மண்ணிலிருந்து கிளம்பும் ஈசல்தான் முக்கியமான தீனி. கடல் கடக்கும்போது வடகிழக்குக் காற்று பின்னிருந்து தள்ளுகிறது. நம்மூர் வயலில் பறக்கும் தட்டான்களில் ஓர் இனமும் அதே பருவத்தில் அதே கடலைக் கடக்கிறது.

இந்தக் கரையில் 2012இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த அக்டோபரில் பானோ ஹராலு, ராம்கி ஸ்ரீனிவாசன், ஷஷாங்க் தால்வி, ரோகோஹெபி குவோட்சு ஆகிய இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்கள் இங்கே வந்து, பார்த்ததைப் படமெடுத்து வெளியிட்டார்கள். பறவைகள் அடையும் மரங்களுக்கு நடுவே ஊர்க்காரர்கள் மீன் வலைகளை உயரமாகக் கட்டியிருந்தார்கள். மாலையிலும் விடியலிலும் கூட்டம் கூட்டமாக வந்து சிக்கின. உச்சமான நாட்களில் ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 வரை பிடிபட்டிருக்கும் என்பது படமெடுத்த நால்வரின் மதிப்பீடு. பிடித்தவர்கள் இறகு பறித்து, புகையில் வாட்டி, விற்பனைக்குக் கொண்டுபோனார்கள். படங்களைப் பார்த்த உலகம் கொதித்தது. நானும் அவற்றை அப்போதே பார்த்தேன். மனம் பதறியது, அந்த ஊர்க்காரர்கள்மேல் கோபமும் வந்தது. அந்தப் படங்கள் சொல்லாத கதையைக் கரையில் நின்றபோதுதான் கேட்டேன்.

டோயாங் நீர்மின் நிலையம் 2000இல் இயங்கத் தொடங்கியது. திறன் 75 மெகாவாட். அணை நிரம்பியபோது மூழ்கியது இங்கே வாழும் லோத்தா நாகா மக்களின் நல்ல நிலம். “அதோ, தண்ணீருக்கு நடுவே முனை மட்டும் தெரிகிறதே, அதற்குக் கீழேதான் அப்பாவின் வயல்,” என்று வீட்டுக்காரர் கை நீட்டினார். பட்டுப்போன மரத்தின் நுனி ஒன்று அங்கே தெரிந்தது. வயல் போனதும் வலை வாங்கி மீன் பிடிக்கப் பழகினார்கள். இவ்வளவு பெரிய கூட்டம் இங்கே அடைய ஆரம்பித்ததும் அணை வந்த பிறகுதான் என்கிறார்கள். நிலத்தை எடுத்துக்கொண்ட அதே நீர் பறவையைக் கொண்டுவந்தது. கையில் வலை ஏற்கெனவே இருந்தது. “அந்தக் காசில்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம்,” என்றார். அதை அவர் மறைக்கவில்லை.

ஒரே ஆண்டில் எல்லாம் மாறியது. ஊர் மன்றங்களும் தேவாலயங்களும் பேசின. பாங்தி, ஆஷா, சுங்ரோ ஊர்கள் வேட்டையைத் தடைசெய்ய ஒப்புக்கொண்டன. 2013 பருவத்தில் இங்கே வலை கட்டப்படவில்லை. அந்த நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவனத்து ஆய்வாளர்கள் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டுப் பறக்கவிட்டார்கள். நாகாவும் பாங்தியும் ஆப்பிரிக்கா போய், சீனாவரை திரும்பி, அடுத்த இலையுதிர்காலத்தில் இதே நீர்த்தேக்கத்துக்கு வந்தன. தம் ஊர்ப் பெயரைச் சுமந்த பறவை எந்தக் கடலின்மேல் இருக்கிறது என்று அந்த நாட்களில் ஊரே கேட்டுக்கொண்டிருந்ததாம்.

பறவைக்காக விட்டுக்கொடுத்த ஊர் தமிழ்நாட்டிலும் உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதை எழுதாத தமிழ்ப் பத்திரிகை இல்லை, எழுத வேண்டியதும்தான். பாங்தி விட்டுக்கொடுத்தது கொண்டாட்டத்தை அல்ல, வருமானத்தை. உலகப் பாராட்டு உடனே கிடைத்தது. ஈடாக வேறு பிழைப்பு அதே வேகத்தில் வரவில்லை. பறவையைக் காத்தவர்களுக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். கைதட்டினால் தீரக்கூடிய கடன் அல்ல அது.

அன்றிரவு மூங்கில் குருத்துப் போட்ட மீன் குழம்போடு சோறு. மீன் அந்த நீர்த்தேக்கத்தில் பிடித்ததுதான். வீட்டம்மா அடுப்பருகே உட்கார்ந்து கணக்குச் சொன்னார். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அறை கொடுக்கிறார்கள், மகன் வழிகாட்டப் போகிறான், படகு ஓட்டினால் அதற்குத் தனிக் கூலி. எல்லாம் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் கடைசிவரைதான். அதற்குப் பிறகு அறை சும்மா கிடக்கும்.

“மற்ற மாதங்களில் இங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டேன்.

இதே மாவட்டத்துத் தியி மலையில் வசந்தத்தில் ரோடோடென்ட்ரான் பூக்கும் என்றார் அவர். பறவைப் பருவத்திலேயே, நவம்பர் 7ஆம் தேதி, தோக்கு எமோங் என்ற லோத்தாக்களின் அறுவடைத் திருவிழாவும் உண்டு. பறவை பார்க்க வருகிறவர்கள் அதற்கும் இருந்துவிட்டுப் போகலாமே என்றார். மகன் இன்னொன்றும் சேர்த்தான்: வோக்காவில் அறை எடுத்து, காரில் வந்து, பொழுது சாயும்வரை படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களால் ஊருக்குள் ஒரு ரூபாய்கூடச் செலவாவதில்லை.

போக நினைப்பவர்கள் நாகாலாந்துக்குள் நுழையத் தேவையான உள்கோட்டு அனுமதிச் சீட்டை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பாங்தியிலேயே தங்குங்கள். மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.